அணுமின் நிலையத்துக்கு ஷட்டவுன் வேலைக்குப் போகும் தம்பி எதில் கவனமாக இருக்க வேண்டும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். ஐடிஐ ஃபிட்டர் முடித்த உங்கள் தம்பியை, ஒரு ஒப்பந்ததாரர் அணுமின் நிலையத்தில், பராமரிப்புக்காக உலையை நிறுத்தும் ஷட்டவுன் சமயத்தில், நாற்பது நாள் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார். அம்மாவுக்குப் பயம். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது. வேலை முடிந்து வந்து அவர் குழந்தையைத் தூக்கலாமா, துணிகளைச் சேர்த்துத் துவைக்கலாமா, உள்ளே எதில் கவனமாக இருக்க வேண்டும், மொத்தத்தில் போகலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கனநீர் (கனமான ஹைட்ரஜன் உள்ள நீர்) உலை உள்ள ஒரு நிலையத்தில், கதிர்வீச்சுப் பாதுகாப்பைப் பார்க்கும் ஹெல்த் பிசிக்ஸ் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். ஷட்டவுனுக்கு வரும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு முதல் நாள் வகுப்பு எடுப்பதும், அவர்கள் உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கூட நிற்பதும்தான் எனக்குப் பல வருட வேலை. அதனால் உங்கள் தம்பி எனக்குத் தெரியாதவர் போல இல்லை.

முதலில் குழந்தை. தூக்கலாம். நிலையத்தை விட்டு வெளியே வரும் வழியில், உடம்பில் கதிரியக்கப் பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் மானிட்டர்கள் எல்லாவற்றிலும் நின்று, பச்சை விளக்கு பார்த்து, முறையாக வெளியே வந்தவர் தாராளமாகக் குழந்தையைத் தூக்கலாம், பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாம், துணியையும் வீட்டுத் துணியோடு போடலாம். உள்ளே போட்ட கவரால் (உடம்பு முழுக்க மூடும் மேலாடை) வீட்டுக்கு வரவே வராது, அதை அங்கேயே துவைப்பார்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பது புரிய வேண்டுமானால் ஒரு வித்தியாசம் தெரிந்தாக வேண்டும்.

விறகடுப்புப் பக்கத்தில் நின்றால் அனல் அடிக்கும். தள்ளி வந்துவிட்டால் அனல் அதோடு முடிந்தது, அடுப்படியில் நின்ற அம்மா கூடத்துக்கு வந்து குழந்தையைத் தூக்கினால் குழந்தைக்குச் சுடாது. கதிர்வீச்சு அப்படித்தான். உலைக் கட்டடத்துக்குள் ஒரு குழாயிலிருந்து காமாக் கதிர் உடம்பின் மீது பட்டால், பட்ட அளவுக்கு டோஸ் சேரும், ஆனால் உடம்பு அதனால் கதிரியக்கப் பொருளாக மாறிவிடாது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தவரைத் தொட்டால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை அல்லவா, அதே கதைதான். ஆனால் அடுப்புக்கரி வேறு. அது கையில் ஒட்டும், கையிலிருந்து வேட்டிக்குப் போகும், வேட்டியிலிருந்து பாய்க்குப் போகும், கவனிக்காமல் சாப்பிட்டால் வாய்க்குள்ளும் போகும். கதிரியக்கப் பொருள் தூசாகவோ ஈரமாகவோ இருக்கக்கூடாத இடத்தில் ஒட்டிக்கொள்வதைத்தான் கண்டாமினேஷன் என்கிறோம், கதிரியக்க மாசு. வீடு வரை வரக்கூடியது இது ஒன்றுதான். இது வந்துவிடாமல் இருக்கத்தான் அத்தனை தடுப்பும், கையுறையும், மானிட்டரும்.

இன்னொரு விஷயம், என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. கரி கருப்பாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிகிறது. அனல் தோலுக்குத் தெரிகிறது. கதிர்வீச்சோ மாசோ எதற்கும் தெரியாது. மணம் இல்லை, நிறம் இல்லை, சூடு இல்லை. இருபது வருட அனுபவம் உள்ள எனக்கும், நேற்று வந்த பையனுக்கும், இந்த விஷயத்தில் ஒரே கண்தான், அது கருவி. அதனால் 'எனக்கு ஒண்ணும் தெரியலையே, நல்லாத்தானே இருக்கேன்' என்ற பேச்சுக்கு அங்கே இடமே கிடையாது. கருவி கத்தினால் நம்ப வேண்டும். கருவி சுத்தம் என்று சொல்லும் வரை அழுக்கு என்றே நினைத்து நடக்க வேண்டும். தம்பி இதை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டு போனால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இதற்கு ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் ஒரு உதாரணம் இருக்கிறது, நான் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்லுவேன். 2011 மார்ச் 24, சுனாமி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. மூன்றாம் யூனிட்டின் டர்பைன் கட்டடத்துத் தரைக்கீழ்த் தளத்தில் மூன்று ஒப்பந்தத் தொழிலாளர்கள் மின்கேபிள் இழுக்கப் போனார்கள். தரையில் தண்ணீர் நின்றது. முந்தைய நாள் பார்த்தபோது அங்கே அவ்வளவு தண்ணீரும் இல்லை, கதிர்வீச்சும் பெரிதாக இல்லை. அதை நம்பிப் போனார்கள். மார்பில் மாட்டியிருந்த டோஸ்மீட்டர் அலாரம் அடித்தது. கருவிதான் கோளாறு என்று நினைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். மூவருக்கும் 170 மில்லிசீவர்ட்டுக்கு மேல் டோஸ். இரண்டு பேர் கணுக்கால் அளவு ஷூதான் போட்டிருந்தார்கள், தண்ணீர் உள்ளே போய்க் காலை நனைத்துவிட்டது, பீட்டாக் கதிரால் தோல் புண்ணாகுமோ என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாவது ஆள் முழங்கால் வரை உயரமான பூட்ஸ் போட்டிருந்தார், அவர் கால் நனையவில்லை. ஒரே இடம், ஒரே தண்ணீர், ஒரே நேரம். ஒரு ஜோடி பூட்ஸும் ஒரு அலாரமும் எவ்வளவு பெரிய விஷயம் என்று இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது.

சரி, டோஸ் கணக்குக்கு வருவோம். உடம்பில் பட்டதை மில்லிசீவர்ட்டில் அளப்போம், பழைய ஆட்கள் இன்னும் மில்லிரெம் என்பார்கள், 100 மில்லிரெம் என்றால் ஒரு மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் காற்றில் உள்ள ரேடானிலிருந்தும் எல்லோருக்குமே உலக சராசரியாக வருடத்துக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரை மணலில் தோரியம் இருப்பதால் அங்கே இயற்கையாகவே இதைவிட அதிகம். நெஞ்சுக்கு ஒரு சிடி ஸ்கேன் எடுத்தால் 5 முதல் 10 வரை போகலாம். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் எல்லை, கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்து வருடத்தில் மொத்தம் 100, எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது, அதாவது சராசரி வருடத்துக்கு 20. தற்காலிக ஒப்பந்தப் பணியாளர்களுக்கு இன்னும் இறுக்கமாக வருடத்துக்கு 15. பதினெட்டு வயது ஆகாதவரை அந்த வேலைக்கு விடவே கூடாது. பெண் பணியாளர் கர்ப்பம் என்று தெரிவித்துவிட்டால், வயிற்றுப் பிள்ளைக்கு ஒரு மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்ற வேண்டும்.

இந்த எல்லை வரை பட்டுக்கொள்ளலாம் என்று அர்த்தம் கிடையாது, இதில்தான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா மூன்று நாட்டிலும் சேர்த்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அணுசக்தித் துறைத் தொழிலாளர்களைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்து ஒரு பெரிய ஆய்வு செய்திருக்கிறார்கள். டோஸ் கூடக்கூடப் புற்றுநோய் ஆபத்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுவதைத்தான் அதில் பார்த்தார்கள். பாதுகாப்புக் கணக்குக்கு உலகம் எடுத்துக்கொள்ளும் அளவு, 1000 மில்லிசீவர்ட் பட்டால் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ 5 சதவீதம் கூடும் என்பது. அப்படியானால் 20 மில்லிசீவர்ட்டுக்கு 0.1 சதவீதம். சின்ன ஆபத்து, ஆனால் பூஜ்யம் என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் எல்லைக்குக் கீழே இருந்தாலும், நியாயமாக எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும் என்பது விதி. நாற்பது நாள் ஷட்டவுனில் சாதாரண ஃபிட்டர் வேலைக்குப் போகிறவர் பெரும்பாலும் எல்லைக்கு ரொம்பக் கீழேயே முடித்துவிடுவார். அம்மாவிடம் சொல்லும்போது இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆபத்தே இல்லை என்று சொல்லி அனுப்பினால் ஆள் அசட்டையாகத்தான் நடப்பார்.

டோஸைக் குறைக்க மூன்று வழி. நேரம், தூரம், தடுப்பு. உதாரணமாக, ஒரு வால்வு இருக்கும் இடத்தில் மணிக்கு 2 மில்லிசீவர்ட் அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட் மாற்ற அரை மணி நேரம் ஆனால் 1 மில்லிசீவர்ட். ஸ்பேனர் சைஸ் தப்பாக எடுத்துப்போய், சரியானதைக் கொண்டுவரச் சொல்லி அங்கேயே பதினைந்து நிமிடம் நின்றால் இன்னொரு அரை மில்லிசீவர்ட், ஒரு வேலையும் நடக்காமல். ஷட்டவுனில் சேரும் டோஸில் எத்தனை பங்கு இப்படி நின்று பேசியும், கருவிக்குக் காத்தும், போல்ட்டைத் தேடியும் வருகிறது என்று கூட நின்று பார்த்த எனக்குத் தெரியும். அதனால்தான் கஷ்டமான வேலைகளுக்கு அதே மாதிரி ஒரு போலி அமைப்பை வெளியே வைத்து, ஸ்டாப்வாட்ச் பிடித்துப் பழக்கிவிட்டு உள்ளே அனுப்புவார்கள். அந்தப் பழக்கத்தைத் தம்பி விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது, அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு நிமிடமும் அவர் உடம்பில் மிச்சமாகிறது.

தூரம் இன்னும் மலிவு. சின்ன அளவுள்ள மூலமாக இருந்தால், ஒரு மீட்டரில் 100 என்று காட்டுவது இரண்டு மீட்டரில் 25 ஆகிவிடும். நீளமான குழாய்க்கு இந்தக் கணக்கு அப்படியே வராது, இவ்வளவு வேகமாகக் குறையாது, இருந்தாலும் தள்ளி நின்றால் குறைவுதான். தடுப்பு என்பது ஈயச் செங்கல், ஈயப் போர்வை, கான்கிரீட், சில இடத்தில் தண்ணீரே தடுப்பு. குழாய்களின் உள்சுவரில் படிந்து கிடக்கும் கோபால்ட்-60 தான் பராமரிப்பு வேலையில் முக்கியமான எதிரி, அது பாதியாகக் குறைய ஆகும் காலம் (அரையாயுள்) 5.27 வருடம், அதாவது உலையை நிறுத்தி ஒரு மாதம் காத்திருந்தாலும் அது அப்படியேதான் இருக்கும். அதன் காமாவைப் பாதியாக்க ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான ஈயம் வேண்டும். உள்ளே போனதும் ஹெல்த் பிசிக்ஸ்காரர் எந்த மூலையில் டோஸ் குறைவு என்று காட்டுவார், காத்திருக்க வேண்டுமானால் அங்கே போய் நிற்க வேண்டும்.

இனி மாசு. இதைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, ஏனென்றால் தம்பியின் கையில் நேரடியாக இருப்பது இதுதான். நிலையத்துக்குள் இடங்களை ஜோன் ஜோனாகப் பிரித்திருப்பார்கள், ஜோன் ஒன்று சுத்தமானது, எண் கூடக்கூட மாசு இருக்கும் வாய்ப்பும் கூடும். ஒரு ஜோனிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடத்தில் தரையில் ஒரு தடுப்பு, பெஞ்சு மாதிரி, அதைத் தாண்டும்போது ஷூவையோ ஷூ கவரையோ மாற்ற வேண்டும். தரையும் சாமான்களும் எப்படி இருக்கின்றன என்று பார்க்க, வட்டமான ஒரு தாளை எடுத்து நூறு சதுர சென்டிமீட்டர் அளவுக்குத் துடைத்து, அந்தத் தாளைக் கருவியில் வைத்து எண்ணுவோம். ஸ்வைப் என்பார்கள். தாளில் வந்தால் அது ஒட்டிக்கொண்டு நகரக்கூடிய மாசு.

வகுப்பில் நான் செய்துகாட்டும் ஒன்றைச் சொல்கிறேன். புற ஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் ஒரு வெள்ளைப் பொடி உண்டு, சாதாரண வெளிச்சத்தில் இருப்பதே தெரியாது. பழைய வால்வு ஒன்றின் கைப்பிடியில் அதைக் கொஞ்சம் தடவி வைத்துவிடுவேன். பையன்கள் கவரால், கையுறை எல்லாம் போட்டு, வால்வைக் கழற்றி மாட்டி, பிறகு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வருவார்கள். அறையை இருட்டாக்கி விளக்கைப் போடுவேன். கையுறையில் இருக்கும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் மூக்கு நுனியில் ஒரு புள்ளி இருக்கும். காதுமடலில் இருக்கும். மூக்குக்கண்ணாடிக் காம்பில் இருக்கும். ஒருமுறை ஒரு பையனுக்குக் கீழுதட்டில் இருந்தது. 'நான் மூஞ்சியைத் தொடவே இல்ல சார்' என்று சத்தியம் பண்ணினான், உண்மையிலேயே அவனுக்குத் தொட்டது தெரியாது. வியர்வை வழிந்தால் கை தானாகப் போகும், கொசு கடித்தாலும் போகும். அந்த இருட்டறையில் தன் உதட்டில் மினுங்கியதைக் கண்ணாடியில் பார்த்த பிறகு, வேலை முடியும் வரை கை முகத்துக்கு வராமல் வேலை செய்தான்.

போடுவதைவிடக் கழற்றுவதுதான் கஷ்டம். வேலை முடிந்த களைப்பில், உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றும்போது, எல்லோரும் அவசரமாக உருவிப் போட்டுவிட்டு வெளியே வரத் துடிப்பார்கள். மாசு பெரும்பாலும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் தோலுக்கு வருகிறது. வரிசை நிலையத்துக்கு நிலையம் கொஞ்சம் மாறும், அங்கே சுவரில் படத்தோடு ஒட்டியிருப்பார்கள், அதுதான் வேதம். பொதுவாக, முதலில் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் ஒட்டிய டேப். அப்புறம் வெளி ஷூ கவர், வெளிக் கையுறை. கவராலை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டிக்கொண்டே இறக்க வேண்டும், உதறக் கூடாது, உதறினால் தூசி காற்றில் ஏறி மூச்சில் போகும். உள் ஷூ கவரை ஒவ்வொரு காலாகக் கழற்றி, கழற்றிய கால் நேராகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சுத்தமான இடத்தில்தான் ஊன்ற வேண்டும். உள்கையுறை கடைசி. மனதுக்குள் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொண்டே கழற்றினால் போதும்: இப்போது என் கை அழுக்கா சுத்தமா, தொடப்போவது அழுக்கா சுத்தமா?

பிறகு பிரிஸ்கிங், அதாவது ஒரு சின்னக் கருவியால் உடம்பைத் தடவுவது போலப் பார்ப்பது. தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி, வினாடிக்கு ஐந்து சென்டிமீட்டர் வேகத்துக்குள் நகர்த்த வேண்டும், உடம்பு முழுக்கப் பார்க்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். பெரும்பாலோர் கொசு விரட்டுவது மாதிரி வீசிவிட்டுப் போய்விடுவார்கள், அப்படி வீசினால் கருவிக்கு எண்ணவே நேரம் இருக்காது. அதைத் தாண்டிக் கை கால் மானிட்டர், அப்புறம் ஆளே உள்ளே நிற்கும் போர்ட்டல் மானிட்டர். வரிசை நீளமாக இருக்கிறது, பஸ் போய்விடும் என்று எந்த மானிட்டரையும் தாண்டிக் குதிக்கக் கூடாது. குழந்தையைத் தூக்கலாம் என்று மேலே நான் சொன்ன உறுதி அந்தப் பச்சை விளக்கின் பேரில்தான்.

மானிட்டர் அடித்துவிட்டால்? பயப்பட ஒன்றுமில்லை, அடிக்கத்தான் அது அங்கே இருக்கிறது. அப்படியே நின்று ஹெல்த் பிசிக்ஸ்காரரைக் கூப்பிட வேண்டும். ஒருமுறை ஒரு பையன் கை மானிட்டர் அடித்ததும் யாரிடமும் சொல்லாமல் பக்கத்து வாஷ்பேசினில் போய்ப் பாத்திரம் தேய்க்கும் நாரை எடுத்து உள்ளங்கையைத் தேய் தேய் என்று தேய்த்திருக்கிறான். நான் பார்க்கும்போது தோல் சிவந்து, ஒரு இடத்தில் ரத்தம் கசிய ஆரம்பித்திருந்தது. ஏன்டா என்றால், சூப்பர்வைசர் திட்டுவார், நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார் என்று பயம். அவன் செய்ததுதான் உண்மையிலேயே ஆபத்து. தோல் என்பது நல்ல கவசம், அதில் கீறல் விழுந்தால் மேலே ஒட்டியிருந்தது உள்ளே போக வழி கிடைத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், சாதாரண சோப்பு, மெதுவாக, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, திரும்பத் திரும்ப. சுடுதண்ணீர் கூடாது, தேய்ப்பான் கூடாது. பெரும்பாலும் இரண்டு மூன்று தடவையிலேயே போய்விடும். போகாவிட்டால் அதற்கென்று வேறு மருந்துகள் அங்கே உண்டு. அந்தப் பையனுக்கு நாலு தடவை கழுவியதில் போய்விட்டது, புண் ஆறத்தான் ஒரு வாரம் ஆனது. புண் ஆறும் வரை உள்ளே விட முடியாது என்று நான் எழுத வேண்டியதாயிற்று, ஒரு வாரக் கூலி போயிற்று அவனுக்கு. எனக்கு இன்றைக்கும் அது வருத்தம்தான், திட்டுவார்கள் என்ற பயத்தை அவனுக்குக் கொடுத்தது யாரோ, அடி வாங்கியது அவன்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. கையில் சாமிக் கயிறு, மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி எதுவும் உள்ளே வேண்டாம். கயிற்றில் மாசு ஏறிவிட்டால் நூலிலிருந்து அது போகாது, அறுத்துக் கழிவில் போட்டுவிடுவார்கள், பாட்டி கட்டிவிட்ட கயிறாக இருந்தாலும். வீட்டிலேயே கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை, பீடி, சூயிங்கம், தண்ணீர் எதுவுமே உள்ளே வாயில் போகக் கூடாது, உதட்டுக்குள் அடக்கிக்கொண்டும் போகக் கூடாது. உடம்பில் வெட்டுக்காயம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அப்புறம் தாடி. கார்த்திகை மாதத்தில் மாலை போட்டவர்கள் சவரம் செய்ய மாட்டார்கள், முழுமுக மாஸ்க் தாடிமேல் சரியாக உட்காராது, இடுக்கு வழியாகக் காற்று உள்ளே போகும். அந்த மாதம் மாஸ்க் தேவைப்படாத வேலை கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். கேட்காமல் மாஸ்க்கை இறுக்கிக் கட்டிச் சமாளிக்க முயன்றால் வினை.

சமீபத்தில் மருத்துவமனையில் தைராய்டுக்கோ எலும்புக்கோ இதயத்துக்கோ கதிரியக்க மருந்து கொடுத்து ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் முதலிலேயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே போகும்போதே மானிட்டர் அடிக்கும். இதில் ஒரு பழைய கதை உண்டு. 1984 டிசம்பரில் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் லிமெரிக் அணுமின் நிலையத்தில் ஸ்டான்லி வாட்ரஸ் என்ற பொறியாளர் போர்ட்டல் மானிட்டரில் திரும்பத் திரும்ப மாட்டினார். நிலையம் அப்போது ஓட ஆரம்பிக்கவே இல்லை. வேலையில் எங்கேயும் மாசு பட வாய்ப்பில்லை. ஒருநாள் வேலைக்குள் வரும்போதே அடித்தது. வீட்டில் போய்ப் பார்த்தால், நிலத்திலிருந்து வந்த ரேடான் வாயு வீட்டுக்குள் தேங்கி அமெரிக்க அரசு சொல்லும் அளவைவிட நூற்றுக்கணக்கான மடங்கு இருந்தது. வீடுகளில் ரேடான் ஒரு பிரச்சினை என்று அந்த நாடு விழித்துக்கொண்டதே அதற்குப் பிறகுதான். கருவி பழுது என்று அந்த மானிட்டரை அணைத்திருந்தால் அவர் பிள்ளைகள் அந்த வீட்டிலேயே வளர்ந்திருப்பார்கள்.

கருவியை நம்பு என்று இவ்வளவு சொல்லிவிட்டு, ஒரு இடத்தில் அந்தக் கருவிக்கே கண் தெரியாது என்பதையும் சொல்ல வேண்டும். ட்ரிட்டியம், அதாவது ஹைட்ரஜனின் கதிரியக்க வகை. தம்பி போகப்போவது எந்த உலை என்று கேளுங்கள். கூடங்குளத்தில் இருப்பது ரஷ்ய வடிவமைப்பு, சாதாரண நீரில் ஓடுவது, அங்கே ட்ரிட்டியம் பெரிய தலைவலி இல்லை. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும், இந்தியாவின் பெரும்பாலான உலைகளும் கனநீர் உலைகள். உலைக்குள் கனநீர்மேல் நியூட்ரான் பட்டுக்கொண்டே இருந்தால் அதில் ட்ரிட்டியம் உண்டாகும். அது விடும் பீட்டாக் கதிர் ரொம்பப் பலவீனம், தோலைக்கூடத் தாண்டாது, அதனால் சாதாரணப் பிரிஸ்கரிலும் போர்ட்டலிலும் தெரியாது. ஆனால் அது நீராவியாகக் காற்றில் கலந்து மூச்சு வழியாகவும், தோல் வழியாகவும்கூட உடம்புக்குள் போய், உடம்புத் தண்ணீரோடு தண்ணீராகக் கலந்துவிடும். தூசியை வடிகட்டும் சாதாரண மாஸ்க் இந்த நீராவியைத் தடுக்காது, தோலையும் காக்காது. அதனால்தான் அந்த வேலைகளுக்குக் குழாய் வழியாகச் சுத்தக் காற்று ஊதும் பிளாஸ்டிக் சூட்டைக் கொடுப்பார்கள். உள்ளே போனதா என்று கண்டுபிடிக்க ஒரே வழி சிறுநீர் மாதிரி. 'இதுக்கெல்லாமா பாட்டிலைக் கையில கொடுக்கறது' என்று பையன்கள் கூச்சப்படுவார்கள், சிலர் கொடுக்காமலே போய்விடுவார்கள். 2009 நவம்பரில் கர்நாடகத்தின் கைகா அணுமின் நிலையத்தில் யாரோ வேண்டுமென்றே குடிநீர்க் குளிர்விப்பானில் ட்ரிட்டியம் கலந்த கனநீரைக் கலந்துவிட்டார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதைக் குடித்துவிட்டார்கள். அதைக் காட்டிக்கொடுத்தது வழக்கமாக எடுக்கும் சிறுநீர்ப் பரிசோதனைதான். வேறு எந்தக் கருவியும் இல்லை. உள்ளே போன ட்ரிட்டியம் பத்து நாளில் பாதியாக வெளியேறிவிடும், மருத்துவர் சொல்லும்படி தண்ணீர், மோர், டீ என்று நிறையக் குடித்தால் இன்னும் சீக்கிரம்.

கருவியே இல்லாத இடம் எப்படி இருக்கும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. 2003 ஜனவரி 21, கல்பாக்கத்தில், உலையில் பயன்படுத்திய எரிபொருளை மறுசெயலாக்கம் செய்யும் ஆலையில், மின் உலையில் அல்ல, ஒரு வால்வு பழுதாகி அதிகக் கதிரியக்கமுள்ள கழிவுநீர், குறைந்த கதிரியக்கக் கழிவுக்கான தொட்டிக்குள் போய்விட்டது. அந்த இடத்தில் கதிர்வீச்சு மானிட்டர் வைக்கப்படவில்லை. வழக்கமான மாதிரி எடுக்கும் வேலைதானே என்று போனார்கள். ஆறு பேருக்கு 280 முதல் 420 மில்லிசீவர்ட் வரை டோஸ். ஒரு வருட எல்லையான 30-ஐப் போல ஒன்பது முதல் பதினான்கு மடங்கு, கொஞ்ச நேரத்தில். அதனால் நேற்று வரை சும்மா இருந்த இடம்தானே என்று யார் சொன்னாலும் தம்பி ஏற்றுக்கொள்ளக் கூடாது. இன்றைக்கு, இந்த வேலைக்கு, இந்த இடத்தை அளந்தார்களா என்று ரேடியேஷன் பெர்மிட்டில் பார்க்க வேண்டும். அதில் அளந்த எண்ணும் தேதியும் எழுதியிருக்கும், கையெழுத்து இருக்கும்.

கடைசியாக, ஒப்பந்தத் தொழிலாளர் என்பதால் தனியாகச் சொல்ல வேண்டியது. மார்பில் மாட்ட ஒரு டிஎல்டி பேட்ஜ் கொடுப்பார்கள், உள்ளே மூன்று சின்ன வட்டில்கள் இருக்கும், அதைப் படித்துத்தான் அதிகாரப்பூர்வ டோஸ் எழுதுவார்கள். கூடவே அப்போதைக்கப்போது பார்த்துக்கொள்ள டோஸ்மீட்டர். டோஸ் எல்லையை நெருங்கினால் வேலை நின்றுவிடும், கூலி நின்றுவிடும் என்று சில இடங்களில் பேட்ஜை வெளியே வைத்துவிட்டுப் போகும் பழக்கத்தை நானே பார்த்திருக்கிறேன், சத்தம் போட்டிருக்கிறேன். ஃபுகுஷிமாவில் 2011 டிசம்பரில் ஒரு துணை ஒப்பந்த நிறுவனத்தின் மேலாளர், டோஸ்மீட்டர்மேல் ஈயத்தகடு மூடிக்கொள்ளும்படி தொழிலாளர்களிடமே சொல்லியிருக்கிறார், அடுத்த வருடம் அது வெளியே வந்தது. ஈயம் மூடியது கருவியை, உடம்பு திறந்தேதான் இருந்தது. தம்பியிடம் யாராவது அப்படிச் சொன்னால் அன்றைக்கே ஹெல்த் பிசிக்ஸ் அறைக்கு நேராக நடந்து போகட்டும். எங்களுக்கு ஒப்பந்ததாரர் மேலதிகாரி கிடையாது.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் தம்பி ஒப்பந்ததாரரிடம் நாலு கேள்வி கேட்கட்டும். உள்ளே விடும் முன் பயிற்சி வகுப்பு எத்தனை நாள், அதற்குக் கூலி உண்டா? என் பெயரில் தனி டிஎல்டி எண் கிடைக்குமா, அல்லது வேறு யாருடைய பேட்ஜாவது தருவீர்களா? டோஸ் எல்லையை நெருங்கி வேலை நிறுத்தினால், வெளியே மாற்று வேலை தருவீர்களா? முடிந்து போகும்போது என் டோஸ் எவ்வளவு என்று எழுதித் தருவீர்களா? நாலுக்கும் முகம் சுளிக்காமல் பதில் வந்தால் அனுப்புங்கள், என் மகனாக இருந்தாலும் நான் அனுப்புவேன். இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் மட்டும், மற்ற மூன்றுக்கு எவ்வளவு இனிப்பாகப் பதில் சொன்னாலும், வேண்டாம்.

அந்த டிஎல்டி எண்ணையும், வேலை செய்த தேதிகளையும், முடிவில் கொடுக்கும் டோஸ் கணக்கையும் ஆதார் அட்டையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடம் வேறு ஊரில், வேறு ஒப்பந்ததாரரிடம், வேறு நிலையத்துக்குப் போனாலும் அவர் உடம்பு ஒன்றுதான், பழைய டோஸோடுதான் புதியதைக் கூட்ட வேண்டும். தேசிய அளவில் பதிவேடு இருக்கிறது, இருந்தாலும் பெயரில் ஒரு எழுத்து மாறி இரண்டு ஆளாகப் பதிவானவர்களுக்குக் கணக்கைச் சேர்க்க நான் மாதக்கணக்கில் அலைந்திருக்கிறேன். அப்போதெல்லாம் கைகொடுத்தது, யாரோ ஒருவர் டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்திருந்த பழைய சீட்டுதான்.